செம்பனை ஓட்டிலிருந்து கிராஃபீன்: பினாங்கில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு பெருநிலத்தில், நிபோங் திபால் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் கரி சுடுவதும் கழுவுவதும் அளப்பதும்தான் என் வேலை. சாத்தே சுடுகிற கரி இல்லை. பாமாயில் தரும் செம்பனையின் கொட்டை ஓட்டையும் தேங்காய்ச் சிரட்டையையும் காற்றுப் படாமல் சுட்டு, மின்சாரத்தைச் சேமிக்க ஏற்றபடி ஆக்கும் கரி. இதைச் சொன்னதும் கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவிலும் கல்யாணப் பந்தியிலும் ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன்.

"கிராஃபீன்னா என்னா? பென்சில் கரிதானே அது?"

நெருங்கிய சொந்தம். பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட். அதில் கார்பன் அணுக்கள் தேன்கூடு போல ஆறு மூலையாகக் கைகோத்துத் தகடு தகடாக நிற்கின்றன. அந்த அடுக்கிலிருந்து ஒரே ஒரு தகட்டைத் தனியாக உரித்தெடுத்தால் அது கிராஃபீன். ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள கிராஃபைட்டில் சுமார் 30 லட்சம் தகடுகள் இருக்கும். நாம் எழுதும்போது அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக் கழன்று தாளில் படிகின்றன.

ஒற்றைத் தகட்டைப் பிரித்து அதன் மின் குணங்களை அளந்து காட்டியவர்கள் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும். ஆண்டு 2004. அவர்கள் பயன்படுத்தியது சாதாரண ஒட்டும் டேப். கிராஃபைட்டில் ஒட்டி, உரித்து, மறுபடி ஒட்டி, மறுபடி உரித்து எடுத்தார்கள். 2010இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

"சரி, அவ்ளோ மெல்லிசான தாளால கரண்டுக்கு என்னா லாபம்?"

இரண்டு லாபம். ஒன்று, மின்சாரம் அதில் மிக எளிதாக ஓடும். இன்னொன்று, பரப்பு. ஒரு கிராம் கிராஃபீனை முழுதாக விரித்துப் போட்டால், இரண்டு பக்கமும் சேர்த்துக் கணக்குப்படி 2,630 சதுர மீட்டர் வரும். பூப்பந்துக் கோர்ட் ஒன்று சுமார் 82 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு கிராமில் 32 கோர்ட்டுகள். பள்ளிக்கூடங்களில் இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்வேன். விடை வந்ததும் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும்.

மின்சாரத்தைப் பரப்பின்மேல் ஒட்டவைத்துச் சேமிக்கும் கருவிக்கு இந்தப் பரப்புதான் உயிர். அது அடுத்த கேள்வி.

"பேட்டரிக்கும் சூப்பர் கெப்பாசிட்டருக்கும் வித்தியாசம் எனக்குப் புரியவே இல்ல"

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் லித்தியம் அயனிகள், அதாவது மின்னூட்டம் ஏறிய அணுக்கள், மண்டபத்துக்குள் நுழைந்து, வரிசைக்குள் புகுந்து, நாற்காலியில் உட்காரும். நிறைய பேர் உட்காரலாம், ஆனால் உள்ளே போகவும் வெளியே வரவும் நேரமாகும். நாற்காலியும் நாளாக நாளாகத் தேயும். சூப்பர் மின்தேக்கியில் அயனிகள் உள்ளே போவதே இல்லை. வாசலிலேயே நின்று மொய்யைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடும். வேகம் அதிகம், தேய்மானம் மிகக் குறைவு. வாசல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பேர்தான் நிற்க முடியும்.

எண்ணாகச் சொன்னால், லித்தியம்-அயனி பேட்டரி கிலோவுக்கு 150 முதல் 250 வாட்-மணி வரை பிடிக்கும். கடையில் கிடைக்கும் சூப்பர் மின்தேக்கி 5 முதல் 10 வாட்-மணி வரைதான். ஆனால் பேட்டரி ஆயிரம், இரண்டாயிரம் முறை சார்ஜ் ஆனதும் களைத்துப்போகும் இடத்தில், மின்தேக்கி லட்சக்கணக்கான முறை தாங்கும். பஸ், டிராம், கிரேன் போல அடிக்கடி நின்று கிளம்பும் இடங்களில் இது பெரிய விஷயம். ஷாங்காயில் 2006இலேயே நிறுத்தத்துக்கு நிறுத்தம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஓடும் மின்தேக்கி பஸ்களை விட்டார்கள்.

"அப்போ என் ஹேண்ட்போனை ஒரு நிமிஷத்துல சார்ஜ் பண்ணிடலாமா?"

மின்தேக்கியை ஒரு நிமிடத்தில் நிரப்பலாம். ஆனால் கைப்பேசியில் இன்று இருக்கும் 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி சுமார் 19 வாட்-மணி பிடிக்கிறது. கிலோவுக்கு 6 வாட்-மணி என்று வைத்தால், அதே அளவுக்கு 3 கிலோவுக்கு மேல் மின்தேக்கி வேண்டும். சட்டைப் பையில் அடங்காது. அதனால் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே நடைமுறை: திடீர்ச் சுமையை மின்தேக்கி தாங்கும், நீண்ட நேர ஓட்டத்தைப் பேட்டரி பார்த்துக்கொள்ளும்.

"பாசார் மாலாம்ல கிராஃபீன் பவர் பேங்க்னு போட்டு விக்கிறாங்களே, அது என்னா?"

என் சித்தப்பா அந்த இரவுச் சந்தையில் ஒன்றை வாங்கி வந்து காட்டினார். பெட்டியில் தேன்கூட்டுப் படம் பளபளத்தது. உள்ளே இருந்தது வழக்கமான லித்தியம்-அயனி பேட்டரி. இப்படிப்பட்ட பொருள்களில் கிராஃபீன் இருந்தாலும், மின்முனைக் கலவையில் மின்சாரம் நன்றாக ஓடுவதற்காகத் தூவும் சிறிதளவு தூளாகவே இருக்கும். அதனால் சூடு கொஞ்சம் குறையலாம், சார்ஜ் கொஞ்சம் வேகமாக ஏறலாம். மின்சாரத்தைச் சேமித்து வைப்பது லித்தியம்தான். அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். கொள்ளளவையும் பாதுகாப்புச் சான்றையும் பார்த்து வாங்குங்கள்.

"செம்பனை ஓட்டுல இருந்து கிராஃபீன் எடுக்கறாங்களாமே, நிஜமாவா?"

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இது. பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டில் கார்பன் இருக்கிறது, கிராஃபீனும் கார்பன்தான். அதனால் எடுக்கலாம் என்று தோன்றுவது இயல்பு. 2011இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர் பிஸ்கட், புல், கரப்பான் பூச்சியின் கால், நாய்க் கழிவு ஆகியவற்றிலிருந்தெல்லாம் செப்புத் தகட்டின்மேல் கிராஃபீனை வளர்த்துக் காட்டினார்கள். கார்பன் உள்ள எதிலிருந்தும் முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் வந்தது செப்பின்மேல் ஒரு மெல்லிய படலம். மூட்டை மூட்டையாக வரவில்லை.

மரப்பொருளைச் சும்மா சுட்டால் வருவது வேறு. 1951இல் ரோசலிண்ட் ஃபிராங்ளின், டிஎன்ஏ ஆய்வில் பெயர் வாங்கிய அதே அம்மையார், கார்பன்களை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். ஒரு வகை சூடேற்றச் சூடேற்றக் கிராஃபைட்டாக மாறும். இன்னொரு வகை 3,000 டிகிரிக்குப் போனாலும் மாறாது. சிரட்டையும் செம்பனை ஓடும் மாறாத இனம். உள்ளே சின்னச் சின்னத் தகடுகள் இருக்கும், ஆனால் ஆளுக்கொரு திசையில் கசங்கிப் பின்னிக் கிடக்கும். இரும்பு, நிக்கல் உப்புகளைச் சேர்த்துச் சுட்டால் 1,000 டிகிரிக்கு உள்ளேயே ஓரளவு வரிசைக்கு வரும். அதன்பின் அந்த உலோகத்தை அமிலம் விட்டுக் கழுவி எடுக்க வேண்டும்.

"அப்போ நீங்க செய்றது கிராஃபீன் இல்லையா?"

இல்லை. உலகத் தர வரையறைப்படி ஒரு தகடு என்றால் கிராஃபீன், இரண்டு என்றால் இரட்டை அடுக்கு, 3 முதல் 10 வரை இருந்தால் சில அடுக்குக் கிராஃபீன். அதற்கு மேல் போனால் கிராஃபைட் பக்கம் சேர்ந்துவிடும். என் உலையிலிருந்து வருவது நுண்துளைக் கார்பன். அதில் அங்கங்கே கிராஃபீன் போன்ற சுவர்கள் இருக்கும், அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் கேட்பவர் முகம் வாடிவிடும். வாட வேண்டிய அவசியமே இல்லை. இன்று விற்பனைக்கு வரும் சூப்பர் மின்தேக்கிகள் பலவற்றின் உள்ளே இருப்பது சிரட்டையிலிருந்து செய்த நுண்துளைக் கார்பன்தான். கிராஃபீன் என்ற பெயர் இல்லாமலே அது வேலை செய்கிறது. நம் ஊர் ஓட்டுக்கு உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பெரிய பெயரை ஒட்டப்போய் அந்த நல்ல பொருளின் மதிப்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

"எப்படித்தான் செய்றீங்க? கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க"

ஓட்டைக் கழுவிக் காயவைத்து, இடித்து, குழாய் உலையில் நைட்ரஜன் ஓடவிட்டு 500 டிகிரி அளவில் சுடுகிறோம். தார் வாசம் மூக்கைத் துளைக்கும். நூறு கிராம் ஓட்டில் முப்பது கிராம் கரி தேறும். அந்தக் கரியோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கலந்து மறுபடி 800 டிகிரிக்கு ஏற்றுவோம். அந்தக் காரம் கரியை அரித்துத் துளை போடும். ஒரு நானோமீட்டர் அளவில் லட்சோப லட்சம் துளைகள். அரித்தது போக மிஞ்சுவது பாதி.

அப்புறம்தான் பெரிய வேலை: கழுவுவது. வடிதாளில் கரியைப் போட்டு நீர்த்த அமிலம் விட்டு, பிறகு வெந்நீர், மறுபடி வெந்நீர். ஒவ்வொரு முறையும் வடிந்த நீரில் பிஎச் தாளைத் தொட்டுப் பார்ப்பேன். நீலத்திலிருந்து பச்சை, பச்சையிலிருந்து மஞ்சள் கலந்த பச்சை. ஏழுக்கு, அதாவது அமிலமும் இல்லை காரமும் இல்லை என்ற நிலைக்கு, வரும்வரை விடக் கூடாது. பத்து, பதினைந்து முறைகூட ஆகும். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு மூன்று நாளைக்குப் போகாது. ஒரு நாள் முழுதும் உலையும் ஆளும் உழைத்து, கடைசியில் கையில் இருப்பது ஒரு கைப்பிடித் தூள்.

"யூடியூப்ல மிக்சில போட்டு அரைச்சு கிராஃபீன் எடுக்கறாங்க. வீட்ல செய்யலாமா?"

அந்தக் காட்சிக்கு ஓர் உண்மையான மூலம் உண்டு. 2014இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் கிராஃபைட் தூளைச் சலவைத் திரவம் போன்ற பொருளோடு நீரில் கலந்து வேகமாகச் சுழற்றினால் தகடுகள் உரியும் என்று காட்டினார்கள். சமையலறை மிக்சியிலும் சோதித்தார்கள். அமிலமே வேண்டாத நல்ல வழி அது. ஆனால் உரிந்த தகட்டையும் உரியாத கிராஃபைட்டையும் பிரிக்க வேகச் சுழல் கருவி வேண்டும். வீட்டில் கிடைப்பது கறுப்புத் தண்ணீர் மட்டுமே. அதில் என்ன இருக்கிறது என்று அளக்க வழி இல்லை.

நான் மேலே சொன்ன காரச் சுடுதலை மட்டும் தயவுசெய்து யாரும் வீட்டில் முயலாதீர்கள். அந்தச் சூட்டில் பொட்டாசியம் உலோகம் உண்டாகும். தண்ணீர் பட்டால் தீப்பிடித்து வெடிக்கும். முழுதாக ஆறிய உலையைத் திறக்கும்போதுகூட நாங்கள் கண்ணாடியும் கையுறையும் போட்டுத்தான் நிற்கிறோம்.

"தேங்கா ஓடு, செம்பனை ஓடுன்னாலே பசுமைதானே? அதுல என்னா சந்தேகம்?"

எனக்கு நிறைய சந்தேகம் உண்டு. ஒரு பொருள் எதிலிருந்து வந்தது என்பது பசுமையின் முதல் வரி மட்டுமே. அதைச் சுடும் மின்சாரம் எங்கிருந்து வந்தது, கழுவிய நீர் எங்கே போனது என்பவை மீதிப் பக்கங்கள். தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியும் இயற்கை எரிவாயுவும் தருவது. ஓடு பசுமையாக இருந்து உலை நிலக்கரியில் ஓடினால் கணக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே பாருங்கள்.

கிராஃபைட்டை வேதி முறையில் பிரிக்க ஹம்மர்ஸ் முறை என்று ஒன்று 1958 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அந்த மூலக் குறிப்பின்படி 100 கிராம் கிராஃபைட்டுக்கு 2.3 லிட்டர் அடர் கந்தக அமிலம், 300 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட், 50 கிராம் சோடியம் நைட்ரேட். நைட்ரேட்டால் நச்சு வாயுவும் வரும். 2010இல் நைட்ரேட்டை விட்டுவிட்டு பாஸ்போரிக் அமிலம் சேர்த்த மாற்று முறை வந்து, அந்த வாயுத் தொல்லை தீர்ந்தது. கழுவும் தொல்லை தீரவில்லை. இப்படிக் கிடைக்கும் கிராஃபீன் ஆக்சைடை, அதாவது ஆக்சிஜன் ஒட்டிய கிராஃபீனை, மறுபடி கிராஃபீன் பக்கம் திருப்ப முன்பு ஹைட்ரசீன் என்ற நச்சுப்பொருளை ஊற்றினார்கள். இன்று அதற்குப் பதில் வைட்டமின் சி போதும். தேயிலைச் சாற்றிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். நிஜமான முன்னேற்றம் இந்த மாதிரி இடங்களில்தான் நடக்கிறது. இவை செய்தித்தாளில் வருவதில்லை என்பது என் ஆதங்கம்.

"மின்னல் அடிச்ச மாதிரி ஒரு செகண்ட்ல குப்பையை கிராஃபீனாக்கறாங்கன்னு படிச்சேன். உண்மையா?"

உண்மை. 2020இல் அதே ஜேம்ஸ் டூர் குழு வெளியிட்டது. கார்பன் தூளை இரண்டு மின்முனைகளுக்கு நடுவே அழுத்தி வைத்து, பெரிய மின்தேக்கிகளில் சேர்த்த மின்சாரத்தை ஒரே அடியாகப் பாய்ச்சுவார்கள். நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் சூடு 3,000 கெல்வின் அளவுக்கு ஏறிவிடும். நிலக்கரி, உணவுக் கழிவு, பிளாஸ்டிக் எல்லாம் கிராஃபீன் தகடுகளாகும். மேலே ஃபிராங்ளின் சொன்ன மாறாத இனமும் இந்தச் சூட்டுக்கும் வேகத்துக்கும் வழிவிடுகிறது. அமிலம் இல்லை, கழுவல் இல்லை என்பதுதான் என்னைக் கவர்ந்தது.

கிராமுக்கு 7.2 கிலோஜூல் செலவு என்று அவர்கள் கணக்குக் காட்டினார்கள். கிலோவுக்கு 2 யூனிட் மின்சாரம். என் குழாய் உலையோடு ஒப்பிட்டால் நம்பவே முடியாத சிக்கனம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பச்சை ஓட்டில் மின்சாரம் ஓடாது. முதலில் அதைக் கரியாக்கியாக வேண்டும். அந்தச் செலவு இந்த 2 யூனிட்டுக்குள் வராது.

"தைப்பூசத்துல ரதம் வர்ற வழியெல்லாம் உடைக்கிற தேங்காயை எடுத்துப் பேட்டரி பண்ணலாம்லா?"

ஜார்ஜ்டவுனில் ரதத்துக்கு முன்னால் மலை மலையாகத் தேங்காய் குவிந்து கிடப்பதைப் பார்க்கும் யாருக்கும் வரும் எண்ணம் இது. எனக்கும் வந்தது. ஒரு வருடம் ஒரு பையில் சிரட்டை பொறுக்கி வந்து சுட்டுப் பார்த்தேன். சாலை மணலும் தூசியும் ஓட்டின் நாரில் புகுந்திருந்தன. சாம்பல் அளவு எகிறிவிட்டது. மின்தேக்கிக் கார்பனில் சாம்பல் மிகக் குறைவாக இருக்க வேண்டும். முக்கியமாக இரும்பு இருந்தால், ஏற்றிய மின்சாரம் தானாகவே கசிந்து இறங்கிவிடும்.

அந்தச் சிரட்டையை வீணாக்க வேண்டும் என்று சொல்லவில்லை. உடைத்த அன்றே பருப்பை எடுத்துவிட்டு, கழுவிக் காயவைத்தால் எரிகரிக்கோ தண்ணீர் வடிகட்டிக் கரிக்கோ நன்றாகப் போகும். மின்தேக்கிக்கு வேண்டுமானால் தேங்காய்ப்பால் பிழியும் கடைகளின் சுத்தமான சிரட்டையே மேல்.

"சோலாருக்கும் ஹைட்ரஜனுக்கும் இது உதவுமா?"

உதவும், ஆனால் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில். ஒளி புகும், மின்சாரமும் ஓடும் என்பதால் சூரியத் தகட்டில் இண்டியம் கலந்த மேற்பூச்சுக்கு மாற்றாகப் பார்க்கிறார்கள். ஒற்றைத் தகடு ஒளியில் 2.3 விழுக்காட்டைத்தான் விழுங்கும். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தில் விலை உயர்ந்த பிளாட்டினத்துக்குப் பதிலாக நைட்ரஜன் சேர்த்த கிராஃபீனை 2010 முதல் சோதித்து வருகிறார்கள். காரக் கலத்தில் நன்றாக ஓடுகிறது. கார்களில் வரும் அமிலக் கலத்தில் பிளாட்டினத்தை இன்னும் எட்டவில்லை.

"லித்தியமே இல்லாத பேட்டரி வருதாமே, அதுல நம்ம ஓட்டுக்கு இடம் இருக்கா?"

நல்ல இடம் இருக்கிறது. சோடியம் பேட்டரியைச் சொல்கிறீர்கள். லித்தியம் பேட்டரியின் எதிர்முனையில் கிராஃபைட் இருக்கிறது. அதன் உச்சக் கொள்ளளவு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணி. சோடியம் அயனி பருமனானது. கிராஃபைட்டின் நெருக்கமான தகடுகளுக்கு நடுவே அது வசதியாக உட்காராது. அதற்குத் தேவை கடினக் கார்பன், அதாவது தகடுகள் கசங்கி இடைவெளி விட்டுக் கிடக்கும் அதே மாறாத இனம். கிராமுக்கு 300 அளவில் பிடிக்கும். கிராஃபீன் ஆக விடாமல் தடுத்த குணமே இங்கே வரமாகிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது.

"நம்ம நாட்டு அரசாங்கம் இதுக்கு ஏதாவது செஞ்சுச்சா?"

2014இல் தேசியக் கிராஃபீன் செயல்திட்டம் 2020 என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நானோமலேசியா நிறுவனம் அதில் முக்கியப் பங்கு வகித்தது. ரப்பர், பிளாஸ்டிக், மின்சாரம் கடத்தும் மை, நுண்துகள் கலந்த நானோ திரவம், பேட்டரி-மின்தேக்கி மின்முனை என்று ஐந்து பக்கம் குறி வைத்தார்கள். ரப்பரைச் சேர்த்தது நம் நாட்டுக்குப் பொருத்தம். பால்மரத்தில் வளர்ந்த நாடு இது.

"ஆராய்ச்சியில 300 ஃபாரட்னு போடறாங்க. கடையில ஏன் அது வரல?"

கல்லூரிப் பிள்ளைகள் கேட்பது. மூன்று காரணம் சொல்வேன். முதலாவது மின்னழுத்தம். ஃபாரட் என்பது மின்தேக்கியின் கொள்ளளவை அளக்கும் அலகு. கிராமுக்கு 300 ஃபாரட் என்பது பெரும்பாலும் நீர்க் கரைசலில் அளந்தது. அதில் ஒரு வோல்ட் அளவுக்கு மேல் போனால் நீர் பிரியத் தொடங்கும். கடையில் விற்பது கரிமக் கரைசலில் 2.7 வோல்ட்டில் ஓடுகிறது. சேமிப்பு மின்னழுத்தத்தின் இருபடியில் ஏறுவதால் அங்கேயே ஏழு மடங்கு வித்தியாசம். அதனால் 100 ஃபாரட் உள்ள சாதாரணச் சிரட்டைக் கார்பன் கடையில் ஜெயித்துவிடுகிறது.

இரண்டாவது தடிப்பு. ஆய்வில் கார்பனை மெல்லிய பூச்சாகத் தடவி அளப்பார்கள். விற்பனைப் பொருளில் அது நூறு மைக்ரோமீட்டருக்கு மேல் இருக்கும். தடித்த பூச்சின் அடிவரை அயனி போய்ச் சேர நேரமாகும். மூன்றாவது, அந்த 32 கோர்ட்டுகள் கணக்கு. கிராஃபீன் தகடுகளைக் காயவைத்தால் மழையில் நனைந்த நோட்டுப் புத்தகப் பக்கங்கள் போல ஒட்டிக்கொள்ளும். பரப்பில் பெரும்பகுதி உள்ளே அடைபட்டுவிடும். அடைபடாமல் தகடுகளைத் தள்ளி நிறுத்துவதுதான் இந்தத் துறையில் பலருடைய தலைவலி.

"இந்தத் தூள் மூச்சுல போனா ஒண்ணும் ஆகாதா?"

எந்த நுண்தூளையும் சுவாசிக்கக் கூடாது என்பதே என் விதி. 2024இல் எடின்பரோவில் 14 தன்னார்வலர்கள் மெல்லிய கிராஃபீன் ஆக்சைடைக் குறைந்த அளவில், குறுகிய நேரம் சுவாசித்த சோதனையில் உடனடிக் கெடுதல் தென்படவில்லை. அது ஆறுதல்தான். ஆனால் தினமும் இதில் புழங்கும் எனக்கு அது உரிமச்சீட்டு ஆகாது. காய்ந்த தூளைக் காற்றிழுக்கும் அலமாரிக்குள் வைத்துத்தான் திறக்கிறேன். மூடி வைத்த பேட்டரிக்குள் இருக்கும் கார்பனைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

"கிராஃபீன் கம்பெனின்னு ஒருத்தர் வந்து காசு போடச் சொல்றாரு. போடலாமா?"

யார் என்றே தெரியாமல் போடலாம், வேண்டாம் என்று நான் சொல்ல முடியாது. என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். 2018இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நாடுகளின் 60 நிறுவனங்களிடமிருந்து கிராஃபீன் என்று விற்ற தூளை வாங்கிச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் நிஜக் கிராஃபீன் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒன்றிலும் 50 விழுக்காட்டைத் தாண்டவில்லை. மீதி எல்லாம் நைசாக அரைத்த கிராஃபைட்.

அதனால் வருபவரிடம் ராமன் நிறமாலை கேளுங்கள், அதாவது லேசர் ஒளி பாய்ச்சித் தகடுகளின் அமைப்பைக் காட்டும் சோதனை முடிவு. அடுக்கு எண்ணிக்கையை எந்தக் கூடம் அளந்தது, பத்து மாதிரி எடுத்தால் பத்திலும் அதே எண் வருமா, மாதத்துக்கு எத்தனை கிலோவை யார் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். என் சொந்தத்தில் ஒருவர் இதையெல்லாம் கேட்காமல் சேமநிதிப் பணத்தைப் போட்டுவிட்டு, இன்றுவரை ஒரு கிராம் தூளைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

"ஆலையில ஓட்டை எரிச்சுத்தான் கொதிகலன் ஓடுது. நீங்க அதை எடுத்துக்கிட்டா நாங்க எதை எரிக்கிறது?"

ஓர் ஓய்வுபெற்ற எஸ்டேட் கிராணி ஐயா கேட்டது. இதுவரை வந்ததிலேயே கூர்மையான கேள்வி. கழிவு என்று நாங்கள் எழுதுகிறோமே, செம்பனை ஆலையில் கழிவு என்று பெரிதாக ஒன்றும் சும்மா கிடப்பதில்லை. பழம் உதிர்த்த காலிக் குலை தோட்டத்துக்கே திரும்பி மரத்தடியில் மூடாக்காகிறது. நாரும் ஓட்டில் ஒரு பங்கும் கொதிகலனுக்குப் போகின்றன. மீறும் ஓட்டை ஜப்பானின் மின்நிலையங்கள்வரை வாங்குகின்றன. ஓடு, பழத்தோடு வரும் குலையின் எடையில் சுமார் 5, 6 விழுக்காடு. மணிக்கு 60 டன் அரைக்கும் ஆலையில் மணிக்கு 3 டன் ஓடு.

ஆகவே ஐயாவுக்கு நான் சொன்னது இது. கொதிகலன் ஓட்டில் கை வைக்கக் கூடாது. மீறும் ஓட்டில் ஒரு பகுதி போதும். அதைச் சுடும்போது வெளிவரும் வாயுவையே எரித்து உலையை ஓட்ட வேண்டும். எரியும் வாயு அதில் தாராளமாக வருகிறது. எங்கள் கூடத்தில் அதை வெறுமனே வெளியே விடுகிறோம் என்பது எனக்கு உறுத்தல். கழுவும் நீரையும் விடக் கூடாது. நாங்கள் துளை போடப் பயன்படுத்தும் பொட்டாசியம், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவியதும் பொட்டாசியம் குளோரைடாகி நீரில் வடிகிறது.

"அது எம்ஓபி உரம்லா!" என்றார் ஐயா உடனே. முப்பது வருடம் அந்த உர மூட்டைகளுக்குக் கணக்கு எழுதியவர். ஆமாம், எம்ஓபி என்ற பெயரில் விற்கும் பொட்டாசியம் குளோரைடு, அதே உப்புதான். வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக இறக்கி நாம் செம்பனைக்குப் போடுவது. கழுவு நீரில் அது மிகவும் நீர்த்துப்போய் இருக்கிறது, கன உலோகம் இல்லை என்று முதலில் சோதித்தாக வேண்டும், கெட்டியாக்க வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்துக்குத்தான் நாங்கள் வீணாக்கும் வாயு இருக்கிறது. இப்போது வடியும் நீரைக் கொட்டாமல் நீல நிறத் தோம்புகளில் பிடித்து வைக்கிறேன். முதல் தோம்பின் மாதிரி சோதனைக்குப் போயிருக்கிறது. ஐயா வாரம் ஒருமுறை போன் செய்து முடிவு வந்துவிட்டதா என்று கேட்கிறார்.